ராத்திரி ரெண்டு மணி நகல்

நம்பிராஜன் வே, புதுசு வாங்காதேயும்.
வண்ணார்பேட்டையில் சிக்கந்தர் கடைக்குப் போரும்.
எந்தக் கம்பெனியோ கழித்துப்போட்ட கறுப்புப் பெட்டிகள்
கூரை முட்ட அடுக்கி வைத்திருப்பார்.
என்னுடையதின் முதுகில் இன்னும்
'கணக்குப் பிரிவு, மூன்று' என்று ஒட்டியிருக்கு.
நாலாயிரம் என்பார். மூன்றரைக்கு முடியும்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றும்.
எனக்கு உள்ளே ஒரு முழுப் பல்லி,
காற்றாடிக்கும் பலகைக்கும் நடுவில் காய்ந்து,
கதகதப்பை நம்பிப் படுத்த மாதிரி.
பெயிண்ட் பிரஷ் போதும். வாயால் ஊதாதேயும்.
பிராசஸர் தலையில் பழைய பசை காறையாகிக் கிடக்கும்,
சுரண்டிவிட்டுப் புதுசு வையும், ஒரு பயறு அளவு.
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி
இழுத்துத் தடவ வேண்டாம்.

கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால்
எஸ்எஸ்டி.
ராம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.
பவர் சப்ளையில் மட்டும் பிசுனாறித்தனம் கூடாது,
ஐப்பசி இடிக்கு எங்க மகாராஜநகர்த் தெருவில்
மூணு டிவி செத்தது, என் பெட்டி சாகலை.

கரண்டு பில்லை உம்ம வீட்டம்மா கேட்பாங்க.
அளந்துவிட்டேன்:
ரெண்டு மாசத்துக்கு நாற்பத்துமூன்று யூனிட்.
'இடம் நிரம்பிவிட்டது, பணம் கட்டு' என்று
போன் மிரட்டுவது அதோடு நிற்கும்,
அதைச் சொல்லும்.

ரவுட்டரில் துளை போடாதேயும் வே.
எந்தத் தேசத்துக்காரனோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான்.
நான் ஒரு தடவை திறந்து வைத்தேன்,
ஒரு மணி நேரத்தில் எண்ணூறு தட்டு.
சவம், தூக்கமே வரலை.
வெளியூரிலிருந்து வீட்டுக்குள் வரணுமா,
விபிஎன் வழியாக வாரும்,
உறவுக்காரன் புறவாசல் வழியே வருகிற மாதிரி.

ரெண்டு வட்டு போட்டாச்சு, பயமில்லை என்பீர்.
மூத்தவள் காதுகுத்துப் படங்களை
நான் கைதவறி அழித்தபோது
ரெண்டாவது வட்டு ஒரு நொடி யோசிக்கலை,
தானும் அழித்தது.
விசுவாசத்துக்கு நகல் என்று பேர் இல்லை.

நகல் வேறொரு கூரைக்கு அடியில் இருக்கணும்.
அது வெள்ளம் வந்த மார்கழியில் புரிந்தது.
என்னுடையது அம்பாசமுத்திரத்தில்,
அண்ணன் கோமதிநாயகம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே.
நான்தான் கொண்டுபோய் வைத்தேன், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.
அவன் வீட்டு நகல் என்னிடம்.
அதுக்குப் பிறகுதான்
கிணற்றுப் பங்கு, வக்கீல் நோட்டீஸ் எல்லாம்.
பேசிப் பதினாலு மாசம் ஆகுது.

ராத்திரி ரெண்டு மணிக்கு
என் பெட்டி அவன் வீட்டுக்குப் போகும்,
அன்றைக்கு மாறினதை மட்டும் எடுத்துக்கொண்டு.
ரெண்டேகாலுக்கு அவனுடையது இங்கே வரும்.
பூட்டித்தான் வரும். சாவி அவனிடம்.
உள்ளே என்ன என்று தெரியாது, கனம் மட்டும் தெரியும்.
சாதாரண நாளில் நாற்பது எம்பி, ஐம்பது எம்பி.
தையில் அவன் மகளுக்குச் சடங்கு.
சொல்லிவிடலை, போகலை.
அன்று ராத்திரி பதினோரு ஜிபி வந்தது.
விடிய விடிய வந்தது.
நான் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனிக் காற்றில் அங்கே கரண்டு போச்சு.
மூணு நாள் பதில் இல்லை.
பிடுங்கிப் போட்டுட்டான் என்றுதான் நினைத்தேன்.
நாலாம் நாள் காலை ஆறு பத்துக்கு
பச்சை விளக்கு.
யாரோ குனிந்து பொத்தானை அமுக்கியிருக்காங்க.

கரண்டு வந்ததும் தானே எழும்புகிற மாதிரி
பயாஸில் ஒரு இடம் உண்டு வே,
உம்ம பெட்டியில் முதல் நாளே மாற்றிவிடும்.
அண்ணன் வீட்டுப் பெட்டியில் நான் மறந்துட்டேன்.
அதை இங்கிருந்து மாற்ற முடியாது.
ஒரு கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவன் வீட்டுப் படி ஏறணும்.